மலைக் கல்லூரியில் டிசைனும் புரோட்டோடைப்பும்: பொறியியல் டீம்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீலகிரியில் பி.இ. படிக்கும் மாணவர்களின் புராஜெக்ட் வேலையில் கூட இருந்து உதவி செய்து வருகிறேன். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள், கீழே மேட்டுப்பாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருபவர்களும் இருக்கிறார்கள். டிசைன் புராஜெக்ட் தொடங்கியதும் எல்லா டீமும் ஏறக்குறைய ஒரே கேள்விகளோடு வருவதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

புரோட்டோடைப் என்பதும் மினி புராஜெக்ட் மாடல் என்பதும் ஒன்றுதானே?

இல்லை. மினி புராஜெக்ட் மாடல் என்று நம் கல்லூரிகளில் சொல்வது பெரும்பாலும் கடைசி நாளில் எக்ஸாமினர் முன்னால் வைத்துக் காட்டும் பொருள். புரோட்டோடைப்பை உங்களுக்காகவே செய்கிறீர்கள், ஏதோ ஒன்று தெரிந்தாக வேண்டும் என்பதற்காக. இந்தக் கைப்பிடி உயரம் சரியா, இந்தப் பட்டை முப்பது கிலோ தாங்குமா, மழையில் விறைத்துப்போன விரலால் இந்த பட்டனை அழுத்த முடியுமா, இப்படி ஒவ்வொரு புரோட்டோடைப்புக்கும் பின்னால் ஒரு கேள்வி இருக்க வேண்டும். 1996-இல் வந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கருவிக்கு முன்னால், அதை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ் சட்டைப் பையில் அடங்கும் அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கி எடுத்துக்கொண்டு திரிந்தார். மீட்டிங் நடுவில் அதை வெளியே எடுத்து, குச்சியால் எழுதுவதுபோலச் செய்து பார்ப்பார். உள்ளே ஒரு சர்க்யூட்டும் இல்லை. ஆனால் பைக்குள் உறுத்துகிறதா, எந்தெந்த நேரத்தில் கை அதைத் தேடுகிறது என்பதெல்லாம் காசு செலவில்லாமல் தெரிந்துவிட்டது. உங்கள் டீமின் முதல் புரோட்டோடைப்பும் அந்த மரத்துண்டு அளவுக்கு எளிமையாக இருந்தால் போதும்.

ஐடியாவே வரமாட்டேன் என்கிறது. எங்கே தேடுவது?

நெட்டில் தேடாதீர்கள். "லேட்டஸ்ட் புராஜெக்ட் ஐடியாஸ்" என்று தேடினால் ஸ்மார்ட் குப்பைத் தொட்டியும் ஸ்மார்ட் ஹெல்மெட்டும்தான் கிடைக்கும். இந்த வருடம் இருபது டீம் அதையேதான் எடுக்கும்.

வெளியே போய் வேலை நடப்பதைப் பாருங்கள். நம்மைச் சுற்றி வேலைக்குப் பஞ்சமே இல்லை. கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் பிடுங்கி, கழுவி, தரம் பிரித்து, மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புகிறார்கள். கோத்தகிரி பக்கம் சிறு விவசாயிகளின் தோட்டத்தில் பசுந்தேயிலை பறித்து, மூட்டையைத் தலையில் வைத்து, சரிவில் ஏறி ரோட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். கொடைக்கானல் பக்கத்துப் பிள்ளைகள் என்றால் பூம்பாறையில் பூண்டு காயவைப்பதையும், குதிரை முதுகில் சுமை போகும் வெள்ளகவிப் பாதையையும் பார்க்கலாம். ஒரு முழு வேலை நாள் உட்கார்ந்து பாருங்கள், அரை மணி நேரம் போய் செல்ஃபி எடுத்துவிட்டு வருவதால் ஒன்றும் தெரியாது.

அப்புறம் கேள்வி கேட்கும் விதம். "அக்கா, உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டால் "ஒரு பிரச்சினையும் இல்லை கண்ணு, கூலிதான் பத்தல" என்பார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் உங்கள் டிசைனுக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. "நேத்து இந்த மூட்டையை எப்படிக் கொண்டுபோனீங்க, ஒருதடவை காட்டுங்க" என்று கேளுங்கள். கை எங்கே போகிறது, எங்கே நின்று மூச்சு வாங்குகிறார்கள், பழைய துணியோ ரப்பர் டியூபோ எந்த இடத்தில் சுற்றியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். அவர்கள் தாங்களாகவே கட்டிவைத்த அந்தத் துணிதான் உங்களுக்குக் கிடைக்கும் முதல் டிசைன் குறிப்பு.

பிரச்சினையை எழுதச் சொன்னால் "தேயிலை மூட்டைக்கு ரோப்வே அமைத்தல்" என்று எழுதினோம். ஏன் திருப்பிக் கொடுத்தார்கள்?

அதில் பிரச்சினையே இல்லையே, தீர்வு மட்டும்தானே இருக்கிறது. யார், என்ன செய்ய வேண்டும், எது தடுக்கிறது, எது கெடக் கூடாது என்று எழுதுங்கள். உதாரணமாக: "ஐம்பது வயதுப் பெண் ஒருவர், வேறு ஆள் துணை இல்லாமல், இருபத்தைந்து கிலோ இலையை ஈரமான சரிவில் ரோடு வரை கொண்டுவர வேண்டும், இலை நசுங்கக் கூடாது."

அந்தக் கடைசி நிபந்தனையைப் பல டீம்கள் விட்டுவிடுகின்றன. பறித்த இலை மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். அமுக்கித் திணித்தால் மூட்டைக்குள் சூடு ஏறும், நசுங்கிய இடம் சிவக்கும், ஃபேக்டரியில் எடை கழிப்பார்கள் அல்லது வேண்டாம் என்பார்கள். மூட்டையைக் கயிற்றில் கட்டி இழுத்துவிடலாம் என்ற ஐடியா பேப்பரில் அருமையாக இருக்கும், ஆனால் ரோட்டுக்கு வந்து சேர்வது சிவந்த இலையாக இருந்தால் அந்த அக்காவுக்கு நஷ்டம்தான். இது தோட்டத்தில் நின்றால் பத்து நிமிடத்தில் தெரியும் விஷயம், ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்தால் செமஸ்டர் முடிந்தாலும் தெரியாது.

பிரெயின்ஸ்டார்மிங் என்று உட்கார்ந்தால் இரண்டு பேர்தான் பேசுகிறார்கள். மற்றவர்கள் ஃபோன் பார்க்கிறார்கள். என்ன செய்ய?

இது உங்கள் டீமின் குறை இல்லை, முறையின் குறை. கூட்டமாக உட்கார்ந்து பேசினால் நிறைய ஐடியா வரும் என்று நம்பிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1958-இல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். சேர்ந்து பேசிய குழுவைவிட, அதே எண்ணிக்கை ஆட்கள் தனித்தனியாக எழுதியதைச் சேர்த்தபோதுதான் அதிக ஐடியாக்கள் கிடைத்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், காத்திருக்கையில் மறந்துபோகும், நம்மை என்ன நினைப்பார்களோ என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும்.

அதனால் முதலில் எழுதுங்கள், அப்புறம் பேசுங்கள். ஜெர்மானியரான பெர்ன்ட் ரோர்பாக் 1968-இல் முன்வைத்த 6-3-5 முறை நம் பிள்ளைகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆறு பேர், ஆளுக்கு ஒரு தாள், ஐந்து நிமிடத்தில் மூன்று ஐடியா, பிறகு தாள் பக்கத்து ஆளுக்குப் போகும், அவர் அதைப் படித்துவிட்டு அதன்மேல் இன்னும் மூன்று எழுதுவார். ஆறு சுற்று முடிந்தால் அரை மணி நேரத்தில் 108 ஐடியா. நாலு பேர் டீம் என்றால் நாலு சுற்று, அவ்வளவுதான். எழுத்தைவிடப் படம் நல்லது. தமிழில் எழுதினாலும் சரி, படுகு மொழியில் எழுதினாலும் சரி, டீமில் இருப்பவர்களுக்குப் புரிந்தால் போதும். ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்ற பயத்திலேயே பாதிப் பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள், அந்தப் பயத்தை இந்த அறைக்குள் விடவே கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. ஐடியா எழுதும் முன் யூடியூபில் "ஏற்கெனவே என்ன இருக்கிறது" என்று பார்க்காதீர்கள். டிசைன் மாணவர்களையும் பொறியாளர்களையும் வைத்து ஜான்சன், ஸ்மித் என்ற இருவர் 1991-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முன்மாதிரியாக ஒரு படத்தைக் காட்டினால், அதில் வேண்டுமென்றே விட்டிருந்த குறைகளைக்கூடப் பலர் தங்கள் டிசைனில் அப்படியே கொண்டுவந்தார்கள். முதலில் உங்கள் மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டு, அதற்கு அடுத்த வாரம் தேடிப் பாருங்கள்.

நூறு ஐடியாவில் எதை எடுப்பது?

ஒன்றை மட்டும் எடுக்காதீர்கள், இரண்டு மூன்று எடுங்கள். ஸ்டூவர்ட் பியூ என்ற பிரிட்டிஷ் பொறியாளர் கொடுத்த அட்டவணை முறை எளிது: இப்போது நடைமுறையில் இருப்பதை (தலைச்சுமை) அடிப்படையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஐடியாவும் எடை, விலை, இலை நசுங்காமை, ரிப்பேர் இவற்றில் அதைவிட மேலா, கீழா, சமமா என்று கூட்டல், கழித்தல், பூஜ்யம் போடுங்கள். மொத்த மதிப்பெண்ணைவிட, எந்தக் கட்டத்தில் டீமுக்குள் வாக்குவாதம் வருகிறது என்று பார்ப்பதே முக்கியம். அந்தக் கட்டத்துக்குத்தான் புரோட்டோடைப் தேவை.

முதல் மாடலை எதில் செய்வது? எங்கள் காலேஜில் 3டி பிரிண்டர் ஒன்றுதான், அதுவும் பூட்டியே இருக்கிறது.

பூட்டியே இருக்கட்டும். முதல் மாடலுக்கு அட்டைப்பெட்டி, சைக்கிள் டியூப், ஜிஐ கம்பி, பிவிசி பைப், சாக்கு, கட்டுக்கம்பி போதும். மூங்கில் கிடைக்கும். உண்ணிச்செடி நம் காடுகளை ஆக்கிரமித்துக் கிடக்கிறது, கூடலூர் பக்கம் அந்தக் குச்சியில் நாற்காலி, மேசை எல்லாம் செய்கிறார்கள், வேகவைத்து வளைத்தால் சட்டம் மாதிரி நிற்கும். வெட்டுவதற்கு முன் அது யாருடைய இடம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், காட்டுக்குள் நீங்களாகப் போகக் கூடாது.

கோயம்புத்தூர் முருகானந்தத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும், குறைந்த விலை நாப்கின் இயந்திரம் செய்து 2016-இல் பத்மஸ்ரீ வாங்கியவர். போட்டுப் பார்த்துச் சொல்ல ஆள் கிடைக்காதபோது, கால்பந்தின் உள்பையில் ஆட்டு ரத்தம் நிரப்பி, தானே இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தார். அந்தச் சோதனைக் கருவிக்கு என்ன செலவாகியிருக்கும் என்று யோசியுங்கள். இயந்திரம் எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

3டி பிரிண்டர் கிடைத்தால் இரண்டு விஷயம் நினைவில் வையுங்கள். பிரிண்டரில் அதிகம் போடும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் ஏறக்குறைய 60 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும், அதனால் மதிய வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மழைக்காலத்தில் ஃபிலமென்ட் (பிரிண்டருக்குள் போகும் பிளாஸ்டிக் இழை) ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், முக்கியமாக நைலான். இழை உருகி வெளியே வரும் நாசிலில் பட்பட்டென்று சத்தம் வந்தால் அதுதான் காரணம். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

கீழே கோயம்புத்தூரில் வேலை செய்த சென்சார் மலையில் தப்பாகக் காட்டுகிறதே?

நல்ல கேள்வி, இதில்தான் மலைப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட அதிகம் கற்கக் கிடைக்கிறது. ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாருக்கான கோடுகளில் (புரோகிராம்களில்) ஒலியின் வேகத்தைப் பெரும்பாலும் நொடிக்கு 343 மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். அது 20 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. ஜனவரி காலை 8 டிகிரியில் அது ஏறக்குறைய 336. இரண்டு மீட்டர் தூரத்தில் நாலு சென்டிமீட்டர் பிசகும். ஒரு வெப்ப சென்சாரைச் சேர்த்து, கோடில் ஒரே ஒரு வரி மாற்றினால் சரியாகிவிடும்.

காற்றழுத்தத்தையும் பாருங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும், அதனால் "100 டிகிரிக்கு வந்ததும் அணை" என்று புரோகிராம் எழுதிய ஹீட்டர் அணையவே அணையாது. பெட்ரோல் இன்ஜின் வைத்த சின்ன இயந்திரம் கீழே காட்டிய பலத்தை மேலே காட்டாது. ஃபேன் வைத்துச் சூடு தணிக்கும் சர்க்யூட்டும் கணக்கைவிட அதிகம் சூடாகும். பனிமூட்டம் சர்க்யூட் போர்டு மேல் நீராகப் படியும், சீல் வைத்த டப்பாவுக்குள்ளும் இரவில் வேர்த்துவிடும். அவசரத்துக்கு நெயில் பாலிஷ் ஒரு பூச்சு கொடுத்துப் பார்க்கலாம், கனெக்டர் மேல் மட்டும் படக் கூடாது. லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடக் கூடாது. உறைபனி விழும் தலைகுந்தா பக்கம் இரவெல்லாம் வெளியே நிற்கும் கருவி என்றால் இதை முதல் நாளே டிசைனில் எழுதிவிடுங்கள்.

செல்ஃபோன் சிக்னலை நம்பி எதையும் கட்டாதீர்கள். ஒரு வளைவு திரும்பினால் போய்விடும்.

யானை, காட்டுமாடு விரட்டும் கருவி செய்யலாமா? நிறையப் பேர் செய்கிறார்களே.

விரட்டும் கருவி வேண்டாம் என்பதுதான் என் பதில். கரண்ட் வேலி, வெடிச் சத்தம், கண்ணில் அடிக்கும் லேசர் இவையெல்லாம் விலங்குக்கும் ஆபத்து, மிரண்ட விலங்கின் வழியில் நிற்கும் மனிதருக்கும் ஆபத்து. சட்டமும் குறுக்கே வரும், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை முதல் அட்டவணையில் இருக்கிறது.

வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் குழுவினர் செய்ததைப் பாருங்கள். அவர்கள் யானையைத் தொடவே இல்லை. யானை எங்கே நிற்கிறது என்பதை மனிதர்களுக்கு முன்கூட்டியே சொன்னார்கள்: எஸ்எம்எஸ், உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் எழுத்து, ஃபோனிலிருந்தே எரியவிடக்கூடிய சிவப்பு விளக்கு. இருட்டில் வேலை முடிந்து லயனுக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு) திரும்பும் ஒருவருக்கு என்ன தெரிய வேண்டும் என்ற கேள்வியிலிருந்து பிறந்த டிசைன் அது. இந்தத் துறையில் வேலை செய்ய ஆசை என்றால் அந்தத் திசையில் போங்கள், வனத்துறையிடம் முதலிலேயே பேசுங்கள்.

டீமில் வேலையை எப்படிப் பிரிப்பது?

வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். நன்றாகக் கோடு எழுதுபவன் கோடு எழுதுவான், ஒர்க்‌ஷாப் தெரிந்தவன் வெல்டிங் பக்கம் போவான், டீமில் இருக்கும் பெண்பிள்ளைகளுக்கு ரிப்போர்ட்டும் பிபிடியும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, "சீக்கிரம் முடியும்" என்று செய்கிறார்கள். ஆனால் நாலு வருடம் இப்படியே போனால், ஹேக்ஸா பிளேடைக் கையில் தொடாமலேயே ஒருத்தி மெக்கானிக்கல் பட்டம் வாங்கிக்கொண்டு போவாள், பத்து வரி தமிழிலோ ஆங்கிலத்திலோ தெளிவாக எழுதத் தெரியாமல் ஒருவன் போவான். இரண்டு பேருக்கும் அநியாயம் இது, எனக்கு இதில் சமரசமே கிடையாது.

அதனால் என் டீம்களில் ஒரு விதி. முதல் இரண்டு வாரம் ஒவ்வொருவரும் தனியாக, தன் கையால், ஒரு மாடல் செய்துகொண்டு வர வேண்டும். அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, அட்டையில் செய்தாலும் பரவாயில்லை. அதற்குப் பிறகுதான் வேலைப் பிரிப்பு. பிரித்த பிறகும் பொறுப்பு மாறிக்கொண்டே இருக்க வேண்டும், இந்த மாதம் கோடு எழுதியவர் அடுத்த மாதம் விவசாயியிடம் போய்ப் பேசுவார். தோட்டத்தில் பறிக்கும் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதையும் யோசியுங்கள். பட்டை எங்கே உறுத்துகிறது, மாதவிடாய் நாளில் சுமை தூக்குவது எப்படி இருக்கிறது என்றெல்லாம் நாலு பையன்கள் போய்க் கேட்டால் பதில் வராது. தேயிலைத் தோட்டத்தில் அம்மா வேலை செய்யும் பிள்ளை உங்கள் டீமில் இருந்தால், அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. சொல்லக் கூச்சப்படலாம், இடம் கொடுங்கள்.

சண்டை வந்தால்?

வரும். எந்த ஐடியா சிறந்தது என்ற சண்டை என்றால் பேசித் தீர்க்காதீர்கள், இரண்டையும் அரை நாளில் அட்டையில் செய்து பயன்படுத்துபவரிடம் கொடுத்துவிடுங்கள். வேலை செய்யாமல் ஒருவர் டிமிக்கி கொடுக்கிறார் என்றால் அது வேறு, முதல் வாரத்திலேயே கைடிடம் சொல்லுங்கள், கடைசி வாரம் சொல்லிப் பயன் இல்லை.

மாடல் வேலை செய்யவில்லை என்றால் மார்க் போய்விடுமா?

இது மாணவர்களைவிட ஆசிரியர்கள் படிக்க வேண்டிய பதில். கடைசி நாளில் ஓடினால்தான் மார்க் என்றால் எந்த டீமும் புதிதாக எதையும் முயற்சி செய்யாது, கடையில் ரெடிமேடாக வாங்கிவந்து பெயர் ஒட்டிவைக்கும், அதற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு பகுதி மார்க்கை லாக் புக்குக்கு வையுங்கள்: எந்தக் கேள்விக்கு எந்த மாடல், என்ன நடந்தது, அடுத்து என்ன மாற்றினார்கள், தேதியோடு, கையெழுத்தில். உடைந்த மாடல்களைத் தூக்கிப்போடாமல் வைவாவில் வரிசையாக மேசையில் வைக்கச் சொல்லுங்கள். அந்த வரிசையைப் பார்த்தாலே யார் வேலை செய்தார்கள் என்று தெரிந்துவிடும்.

எல்லா வசதியும் சென்னையில், கோயம்புத்தூரில். மலையில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும்?

முத்தோரைக்குப் போய் ரேடியோ தொலைநோக்கியைப் பாருங்கள், ஊட்டியிலிருந்து பக்கம்தான். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-இல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் முடிந்தது. அதை அங்கே கட்டியதற்குக் காரணமே சரிவுதான். ஊட்டியின் அட்சரேகை ஏறக்குறைய 11 டிகிரி, அதே அளவு சாய்வுள்ள ஒரு மலைச்சரிவைத் தேடிக் கண்டுபிடித்து வடக்கு தெற்காக அதன்மேல் படுக்கவைத்தார்கள். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினால் போதும், வானத்தில் ஒரு புள்ளியை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் தொடர்ந்து பார்க்கலாம். சமதளத்தில் இதே வேலைக்கு எவ்வளவு இரும்பும் எவ்வளவு பணமும் தேவைப்பட்டிருக்கும்! பெரும்பாலும் உள்நாட்டுப் பொருள், உள்நாட்டு வேலை.

நீங்கள் தினமும் பார்க்கும் மலை ரயிலும் அப்படித்தான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு ஓரடி ஏற்றம், சக்கரத்தின் பிடியை மட்டும் நம்ப முடியாது என்று நடுவில் பல் தண்டவாளம் போட்டு 1899-இல் ஓடவிட்டார்கள். இன்னும் ஓடுகிறது. குன்னூர் ஸ்டேஷனில் நின்று அந்தப் பல்லைப் பாருங்கள், இரண்டு பட்டைகளில் பற்கள் ஒன்றுக்கொன்று விலகியிருக்கும். ஏன் என்று டீமுக்குள் பேசி முடிவுக்கு வந்துவிட்டு அப்புறம் புத்தகத்தைத் திறங்கள்.

ஹேக்கத்தானுக்குப் போகலாமா?

போங்கள். குறுகிய நேரத்துக்குள் டீமாக உட்கார்ந்து ஒரு பிரச்சினைக்குத் தீர்வு செய்து காட்டும் போட்டிதான் ஹேக்கத்தான். ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் 2017-இலிருந்து நடக்கிறது, வெளியூர் டீம்களைப் பார்ப்பதே நல்ல பாடம். ஆனால் அங்கே கிடைக்கும் நேரத்தில் பயன்படுத்துபவரைச் சந்திக்க முடியாது, அந்த வேலையை ஊரிலேயே முடித்துவிட்டுப் போகும் டீம் தனியாகத் தெரியும்.

பேடன்ட் எடுக்க வேண்டுமா?

எல்லாவற்றுக்கும் தேவையில்லை. எடுக்கும் எண்ணம் இருந்தால் கண்காட்சியில் வைப்பதற்கும் வீடியோ போடுவதற்கும் முன்பே விண்ணப்பியுங்கள், வெளியே காட்டிவிட்டால் புதுமை போய்விட்டது என்று சொல்லிவிடலாம். முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டால் முழு விண்ணப்பத்துக்குப் 12 மாதம் அவகாசம் உண்டு. 2021-இல் விதியைத் திருத்திக் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்திருக்கிறார்கள், அதனால் கல்லூரி வழியாகப் போவது சிக்கனம். தோட்டத்து அக்காவின் யோசனை அதில் இருந்தால் அவர் பெயரும் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் வர வேண்டும்.

வைவா முடிந்த பிறகு மாடலை என்ன செய்வது?

யாருக்காகச் செய்தீர்களோ அவரிடம் கேளுங்கள். வேண்டும் என்றால் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் முன், கோத்தகிரி ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும் சைஸ் போல்ட், நட்டாக மாற்றிவிடுங்கள், கோயம்புத்தூருக்குப் போனால்தான் கிடைக்கும் உதிரி எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. ஒரு தாளில் படம் வரைந்து, எங்கே எண்ணெய் விட வேண்டும், எது தேயும், எத்தனை கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று தமிழில் எழுதி, லேமினேட் செய்து கட்டிவிடுங்கள். அடியில் ஜூனியர் இரண்டு பேர் பெயரும் ஃபோன் நம்பரும் எழுதுங்கள், அந்த இரண்டு பேரும் அடுத்த வருடம் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து தங்கள் புராஜெக்டைத் தொடங்கட்டும்.